பழைய கோட்டில் பிறந்த பச்சைத் தவளை

குட்டி நண்பர்களே, உங்களுக்கு ரொம்பப் பிடித்த கார்ட்டூன் பாத்திரம் எது என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவீர்கள். கொஞ்சம்கூடப் பிடிக்காத பாத்திரம் எது என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் சண்டையே ஆரம்பிக்கும்!

செங்கல்பட்டுச் சீமையில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளில் துச்சாதனன்தான் மோசம் என்று ஒரு கட்சி, இல்லை சகுனிதான் மோசம் என்று இன்னொரு கட்சி. செய்யூர் கந்தசாமி கோயிலுக்குப் போனவர்களுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கும். அங்கே 27 நட்சத்திரங்களுக்கும் 27 வேதாளச் சிலைகள் இருக்கின்றன. முதல் தடவை பார்க்கும் குழந்தை அம்மாவின் முந்தானையில் ஒளிந்துகொள்ளும். தன் நட்சத்திரத்து வேதாளம் எது என்று தேடத் தொடங்கிவிட்டாலோ பயம் போன இடம் தெரியாது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு சண்டை பல வருடங்களாக நடக்கிறது. அங்கே சண்டை பொம்மைகளைப் பற்றி. எல்மோ என்று ஒரு சிவப்புக் குட்டிப் பூதம் உண்டு. மூன்று வயதுக் குழந்தைகளுக்கு எல்மோ என்றால் உயிர். அந்த நிகழ்ச்சியைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்த பெரியவர்களில் பலருக்கோ எல்மோவைக் கண்டாலே ஆகாது. 1998-ல் எல்மோவுக்கென்று தனிப் பகுதி வந்த பிறகு, மற்ற பொம்மைகளின் நேரத்தை இந்தப் பொடியன் தின்றுவிட்டான் என்று அவர்களுக்குக் கோபம். எல்மோ கட்சிக்காரர்களும் விட்டுக்கொடுப்பதில்லை.

இந்தப் பொம்மைக் கூட்டத்துக்கெல்லாம் தலைவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜிம் ஹென்சன்.

1936-ம் ஆண்டு செப்டம்பர் 24-ம் தேதி, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள கிரீன்வில் ஊரில் ஜிம் பிறந்தார். வளர்ந்தது பக்கத்தில் இருந்த லேலண்ட் என்ற சிற்றூரில். அப்பா அரசு வேளாண் துறையில் பயிர்களை ஆராயும் வேலை பார்த்தார். வீட்டுக்கு அருகில் டீர் கிரீக் என்று ஓர் ஓடை. பள்ளி விட்டதும் ஜிம் ஓடைக்கரையில்தான் இருப்பார். மழைக்காலத்தில் ஏரிக்கரையில் தவளைக் கச்சேரி கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சுகம் தெரியும்.

ஜிம்முக்குப் பாட்டியிடம் ஒட்டுதல் அதிகம். பாட்டி ஓவியம் வரைவார்; துணித் துண்டுகளை இணைத்து அழகாகத் தைப்பார். ஊசியும் நூலும் பிடிக்கப் பேரனுக்கும் கற்றுக்கொடுத்தார். ஆண் பிள்ளைக்குத் தையல் எதற்கு என்று அந்த வீட்டில் யாரும் தடுக்கவில்லை.

பிறகு குடும்பம் வாஷிங்டன் நகரின் பக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. அப்போதுதான் டி.வி. பரவிவந்த காலம். வாங்கித்தந்தே ஆகவேண்டும் என்று ஜிம் நச்சரித்த நச்சரிப்பில் 1950-ல் வீட்டுக்கு டி.வி. பெட்டி வந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே கனவு: அந்தப் பெட்டிக்குள் எப்படியாவது வேலைக்குப் போகவேண்டும்.

1954-ல் உள்ளூர் டி.வி. நிலையம் ஒன்று பொம்மலாட்டம் தெரிந்த இளைஞர்களைத் தேடியது. ஜிம்முக்குப் பொம்மலாட்டம் தெரியாது! உடனே நூலகத்துக்கு ஓடிப் புத்தகம் எடுத்துவந்து, நண்பருடன் சேர்ந்து பொம்மைகள் செய்தார். வேலை கிடைத்தது. சில வாரங்களிலேயே அந்த நிகழ்ச்சி நின்றுபோனது. ஆனால் உள்ளே நுழைந்தவர் வெளியே வரவில்லை.

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் பொம்மை வகுப்பு ஒன்றில் ஜேன் நெபெல் என்ற மாணவியைச் சந்தித்தார். 1955-ல் இருவரும் சேர்ந்து சாம் அண்ட் ஃபிரெண்ட்ஸ் என்ற ஐந்து நிமிட நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். ஜிம்முக்கு அப்போது வயது 18! நான்கு ஆண்டுகள் கழித்து இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

அந்த நிகழ்ச்சிக்குச் செய்த ஒரு பொம்மைதான் கெர்மிட். தாத்தா நோயில் படுத்திருந்த நாட்களில், பக்கத்தில் காத்திருந்தபடியே ஜிம் அதைத் தைத்தார். அம்மா போடாமல் விட்ட ஒரு பழைய கோட்டு உடம்பானது. ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை இரண்டாக வெட்டியதில் கண்கள் கிடைத்தன. அப்போது கெர்மிட் தவளையும் இல்லை, பல்லியும் இல்லை, ஏதோ ஒன்று. பல வருடங்கள் கழித்துத்தான் அது தவளையானது.

அதுவரை டி.வி.யில் வந்த பொம்மைகளில் பல மரத்தால் ஆனவை. கண்ணை உருட்டும், வாயைத் திறக்கும், அவ்வளவுதான். முகம் மாறாது. டி.வி. கேமராவோ முகத்துக்குக் கிட்டே போய்ப் படம் பிடிக்கும். அதனால் ஜிம் துணியிலும் மெத்தென்ற ஃபோமிலும் தலை செய்தார். உள்ளே இருக்கும் விரல்களைக் கொஞ்சம் மடக்கினால் பொம்மை வருத்தப்படும், கொஞ்சம் நீட்டினால் வியக்கும்.

நம் ஊர் மரப்பொம்மலாட்டக் கலைஞர் தலையில் இரும்பு வளையம் மாட்டி, அதில் பொம்மையின் கயிறுகளைக் கட்டி, தன் தலையை அசைத்தே பொம்மையை ஆட்டுவார். அவருக்கு முன்னால் திரை உண்டு. ஜிம் திரையையே எடுத்துவிட்டார். டி.வி. சட்டம்தான் மேடை. ஆட்டுபவர் கேமராவுக்குக் கீழே ஒளிந்து, கையை உயரத் தூக்கி, எதிரே ஒரு சின்ன டி.வி.யில் தன் பொம்மை எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே ஆட்டவேண்டும். பத்து நிமிடம் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துப் பாருங்கள், கஷ்டம் புரியும்.

1957-ல் ஒரு காபி நிறுவனத்துக்கு விளம்பரம் செய்தார். ஒவ்வொன்றும் பத்து வினாடிக்கும் குறைவு. வில்கின்ஸ் என்ற பொம்மை காபி குடிக்கச் சொல்லும். வான்ட்கின்ஸ் என்ற சிடுமூஞ்சிப் பொம்மை மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அவ்வளவுதான், அடுத்த நொடி பீரங்கியால் சுடப்படும்! மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிடுமூஞ்சிகளுக்கும் ரசிகர்கள் உண்டு என்பது ஜிம்முக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

1969 நவம்பர் 10-ம் தேதி செசமி ஸ்ட்ரீட் ஒளிபரப்பானது. பள்ளிக்குப் போகும் முன்பே குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்றுத்தரும் நிகழ்ச்சி அது. முதலில் நிபுணர்கள் ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். தெருவில் மனிதர்கள் மட்டும் வரட்டும், பொம்மைகள் தனியாக வரட்டும், இரண்டையும் கலந்தால் குழந்தைகள் குழம்புவார்கள் என்று. சோதித்துப் பார்த்தபோது, மனிதர்கள் பேசும் காட்சிகளில் குழந்தைகள் வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். பொம்மைகளும் தெருவுக்கு வந்தே ஆகவேண்டும் என்றானது.

ஜிம் இரண்டு பேரை அனுப்பினார். ஒன்று பிக் பேர்ட் என்ற எட்டடிக்கும் மேல் உயரமான மஞ்சள் பறவை. அதற்குள்ளே ஒரு மனிதர் நின்று, வலது கையைத் தலைக்கு மேல் நீட்டிப் பறவையின் தலையை அசைப்பார். இன்னொன்று ஆஸ்கர். குப்பைத்தொட்டியில் குடியிருக்கும், எல்லோரையும் திட்டும், யாராவது சந்தோஷமாக இருந்தால் எரிச்சல்படும். குழந்தைகள் நிகழ்ச்சியில் இப்படி ஒரு பாத்திரமா என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் அந்தத் தெருவில் யாரும் ஆஸ்கரை விரட்டுவதில்லை. காலையில் வணக்கம் சொல்கிறார்கள், திட்டு வாங்கிக்கொள்கிறார்கள், போகிறார்கள். முதல் வருடம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, அடுத்த வருடம் பச்சையாகிவிட்டது. சுபாவம் மட்டும் மாறவில்லை.

வெற்றி மேல் வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். 1975-ல் பெரியவர்களுக்கான சாட்டர்டே நைட் லைவ் என்ற நிகழ்ச்சிக்கு ஜிம் புதிய பொம்மைகளைக் கொண்டுபோனார். சேறும் புகையுமாக ஒரு கற்பனை நாடு, அதில் ஒரு ராஜா, ராணி, அவர்களைச் சுற்றிச் சில விகாரமான ஜந்துக்கள். அங்கே வசனம் எழுதியவர்களுக்கு அந்தப் பொம்மைகளைப் பிடிக்கவே இல்லை. எழுதும் முறை யாருக்கு வந்தாலும் முணுமுணுத்தார்கள். பார்ப்பவர்களும் பெரிதாக ரசிக்கவில்லை. ஒரே வருடத்தில் கதை முடிந்தது. பிடிக்காத பாத்திரங்கள் பட்டியலில் மப்பெட் ரசிகர்கள் இன்றும் அவற்றைச் சேர்ப்பது உண்டு.

தனக்கென்று ஒரு முழு நிகழ்ச்சி வேண்டும் என்று ஜிம் அமெரிக்க டி.வி. நிறுவனங்களைக் கேட்டுப் பார்த்தார். பொம்மைகள் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று எல்லோரும் கைவிரித்தார்கள். கடைசியில் லியூ கிரேட் என்ற ஆங்கிலேயர் முன்வந்தார். ஜிம் குழுவோடு லண்டனுக்குப் புறப்பட்டார். 1976 முதல் 1981 வரை 120 நிகழ்ச்சிகள் வந்தன. தி மப்பெட் ஷோ நூறு நாடுகளுக்கு மேல் ஒளிபரப்பானது!

அதில் ஃபோஸி என்ற கரடி உண்டு. மேடையேறி நகைச்சுவை சொல்லும், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். முதல் வருடத்தில் அது பரிதாபமாக இருந்ததே தவிர, வேடிக்கையாக இல்லை. ஜிம்மும் குழுவினரும் ஃபோஸியைத் தூக்கி எறியவில்லை. முகத்தைக் கொஞ்சம் மாற்றித் தைத்தார்கள். தோற்றாலும் துவளாமல் மறுபடி மேடையேறும் கரடியாக எழுதினார்கள். பிறகு ஃபோஸிக்கு ரசிகர்கள் குவிந்தார்கள். மிஸ் பிக்கி என்ற பன்றியும் ஆரம்பத்தில் கூட்டத்தில் ஒருத்திதான். நடிகர் ஃபிராங்க் ஓஸ் கையில் மாட்டியதும் மேடையையே பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள் மாடத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு கிழவர்கள், ஸ்டாட்லரும் வால்டார்ஃபும். எந்த நிகழ்ச்சி வந்தாலும் மட்டம், குப்பை, தூக்கம் வருகிறது என்று கேலி செய்வார்கள். அடுத்த வாரமும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள்! இதில் வால்டார்ஃபுக்குக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? ஜிம் ஹென்சனேதான். ஒரு காட்சியில் கெர்மிட்டாக நிகழ்ச்சியை நடத்துவார், அடுத்த காட்சியில் வால்டார்ஃபாக அதே நிகழ்ச்சியைத் திட்டுவார். நம் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ராமாயணத்துக்கு நடுவே புகுந்து கலாட்டா செய்வது போலத்தான்.

1979-ல் வந்த மப்பெட் திரைப்படத்தில் கெர்மிட் குளத்து நடுவே உட்கார்ந்து பாட்டுப் பாடும். அந்தக் காட்சிக்காக ஜிம் தண்ணீருக்கு அடியில் ஓர் இரும்புத் தொட்டிக்குள் மடங்கி உட்கார்ந்து, கையை மட்டும் மேலே நீட்டி ஆட்டினார்.

அடுத்த திரைப்படங்களில்தான் அடி விழுந்தது. 1986-ல் அவர் இயக்கிய லேபிரிந்த் படத்துக்குச் சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவானது. அமெரிக்காவில் அதில் பாதிதான் வசூல். பல வருட உழைப்பு. ஜிம் மிகவும் சோர்ந்துபோனார். அதே படத்தை வீடியோவில் பார்த்து வளர்ந்த குழந்தைகள் பின்னாளில் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

1990 மே மாதம் ஜிம்முக்குச் சளி, தொண்டை வலி வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று நினைத்துக்கொண்டார். மருத்துவமனைக்குப் போவதற்குள் பாக்டீரியா கிருமித் தொற்று உடலெங்கும் பரவிவிட்டது. மே 16-ம் தேதி நியூயார்க்கில் காலமானார். வயது 53.

தன் இறுதி நிகழ்ச்சிக்கு யாரும் கறுப்பு உடையில் வரக்கூடாது என்று முன்பே எழுதி வைத்திருந்தார். அதனால் எல்லோரும் வண்ண உடையில் வந்தார்கள். வந்தவர்கள் கையில் குச்சியில் கட்டிய ஃபோம் பட்டாம்பூச்சிகள் இருந்தன. பிக் பேர்ட் தனியாக நடந்துவந்து கெர்மிட்டின் பாட்டைப் பாடியது. தேவாலயம் முழுக்கப் பட்டாம்பூச்சிகள் ஆடின.

செசமி ஸ்ட்ரீட் நிற்கவில்லை. பல நாடுகளில் அந்தந்த ஊர்ப் பொம்மைகளோடு வந்தது. இந்தியாவில் 2006-ல் கலி கலி சிம் சிம் என்ற பெயரில் தொடங்கியபோது, பள்ளிச் சீருடை போட்ட சம்கி என்ற பெண்ணும் பூம்பா என்ற சிங்கமும் வந்தார்கள்.

அம்மாவின் கோட்டில் தைத்த முதல் கெர்மிட்டை 2010-ல் ஜேன், வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். தவளை என்றாலும் அதன் நிறம் முழுப் பச்சை இல்லை. கொஞ்சம் நீலம் கலந்திருக்கும். கோட்டு அந்த நிறத்தில்தான் இருந்தது.