பெறாமல் தாயானவர்

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது பழமொழி. இரத்த பாசத்தின் வலிமையை நம் முன்னோர் அப்படிச் சொல்லி வைத்தனர். இரத்தத் தொடர்பே இல்லாத பிள்ளைகளுக்காக ஒருவர் நெஞ்சம் துடிக்குமா? துடிக்கும் என்று வாழ்ந்து காட்டியவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

இவர் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில், ஏழு குழந்தைகளுள் மூத்தவராகப் பிறந்தார். பதினேழாம் வயதில் தந்தையை இழந்தார். பின்னர், மனைவியையும் மகளையும் பறிகொடுத்திருந்த ராபர்ட் வில்சன் என்ற முதியவர் இவரைத் தம் மகளாகவே ஏற்றுக்கொண்டார். பிறர் வீட்டில் மகளாக அன்பு பெற்றவரே பிற்காலத்தில் பிறர் பிள்ளைகளுக்குத் தாயானார்.

அம்மையார் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் கிறிஸ்தவர் அனைவருக்கும் பொதுவான ஓர் உண்மையை அவர் வாழ்வு விளக்குகிறது. 1895இல் இந்தியா வந்து, தமிழ் கற்று, நம் நாட்டு உடை உடுத்தி, திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராக நற்செய்தி அறிவித்தார்.

அக்காலத்தில் சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்தது. அதற்கென ஒப்படைக்கப்பட்ட ஏழு வயதுச் சிறுமி பிரீனா, தப்பித் தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடம் ஓடினாள். தாயோ அஞ்சி அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஓடியதற்குத் தண்டனையாகக் குழந்தையின் கைகளில் சூடு போட்டனர். 1901 மார்ச்சில் அவள் மீண்டும் தப்பி, பண்ணைவிளையில் தங்கியிருந்த அம்மையாரிடம் வந்து சேர்ந்தாள். அம்மையார் அவளைத் திருப்பி அனுப்பவில்லை.

அதன்பின் குழந்தைகள் ஒவ்வொருவராக வந்தனர். களக்காட்டுக்கு அருகிலுள்ள டோனாவூரில் அவர்களுக்கு ஓர் இல்லம் உருவாயிற்று. கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டுவதும் பாலூட்டுவதுமா ஊழியம் என்று சிலர் கேட்டனர். சீடர்களின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரை நினைத்து அம்மையார் அப்பணியைத் தொடர்ந்தார். பொன்னம்மாள் என்ற தமிழ் விதவைப் பெண் 1915இல் இறக்கும்வரை அவருக்கு உறுதுணையாக இருந்தார்.

அந்த இல்லத்தில் ஏமி எல்லாருக்கும் அம்மா. இந்தியப் பெண் ஊழியர் அக்கா, வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. நம் குடும்பச் சொற்களையே கொண்டு ஒரு புதிய குடும்பம் உருவாயிற்று.

இதன் வேர் நற்செய்தியில் இருக்கிறது. தாயும் சகோதரரும் வெளியே காத்திருப்பதாகச் சொன்னபோது, இறைவனின் விருப்பப்படி நடப்போரே தம் தாயும் சகோதரரும் என்று இயேசு கூறினார். இதனால் அவர் தம் அன்னையைத் தாழ்த்தவில்லை. இறைவிருப்பத்துக்கு முதலில் ஆம் என்றவர் மரியாள் அன்றோ! சிலுவையில் தொங்கிய வேளையிலும் அந்த அன்னையைத் தம் அன்புச் சீடரிடம் ஒப்படைத்தார் அவர்.

1931இல் கீழே விழுந்து காயமடைந்த அம்மையார், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் படுக்கையிலேயே இருந்து நூல்கள் எழுதினார். பொட்டுக்கட்டும் வழக்கம் 1947இல் சென்னை மாகாணச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டதை அவர் உயிரோடிருந்து காண முடிந்தது. தாய்நாட்டுக்கு ஒருமுறையும் திரும்பாமல், 1951 ஜனவரி 18ஆம் நாள் டோனாவூரிலேயே மறைந்தார். தம் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டி அமைத்து, தாயைக் குறிக்கும் ஒரே சொல்லைப் பொறித்தனர்.

நம் மணவூருக்கு அடுத்துள்ள திருவாலங்காட்டில் காரைக்கால் அம்மையாரைப் போற்றுகின்றனர். பிள்ளை பெறாத அவரைச் சிவபெருமானே அம்மை என்று அழைத்ததாகச் சைவ மரபு சொல்கிறது. தாய் என்ற பெயர் இரத்தத்தால் மட்டும் வருவதில்லை என்பது இம்மண்ணுக்கும் தெரிந்ததே.

தோழியரே, நாமும் மதர் என்றும் சிஸ்டர் என்றும் நாள்தோறும் அழைக்கிறோம். அழைப்பது எளிது. தாயில்லாமல் நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒருத்திக்குச் சகோதரியாக நடப்பதே கடினம். அதை இன்றே தொடங்குவோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி