கௌஹர் ஜான்: இசைத்தட்டில் எஞ்சிய குரல்

கிராமபோன் பெட்டியை எமது ஊரில் நேரில் கண்டவர்கள் இப்போது மிகச் சிலரே இருப்பார்கள். நான் கண்டதும் படத்தில்தான். ஆனால் அந்தப் பெட்டியின் மூலம் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற முதல் பெரும் பாடகி ஒரு முஸ்லிம் பெண் என்று அறிந்தபோது, அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

கௌஹர் ஜான் 1873இல் வட இந்தியாவின் அசம்கரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஏஞ்சலினா. தந்தை ஆர்மேனிய வம்சத்தவர். மகளுக்கு ஆறு வயதாகும்போது பெற்றோர் பிரிந்தனர். தாய் விக்டோரியா மகளுடன் பனாரஸ் சென்று, அங்கே இருவரும் இஸ்லாத்தைத் தழுவினர். தாய் மல்கா ஜான் ஆனார். மகள் கௌஹர் ஜான் ஆனார். கௌஹர் என்றால் பாரசீகத்தில் இரத்தினம். 1883இல் கல்கத்தாவில் குடியேறினார்கள். தாய் பாடகி மட்டுமல்ல, உருதுக் கவிஞரும்கூட. 1887இல் தர்பங்கா அரசவையில் கௌஹரின் அரங்கேற்றம் நடந்தது.

அரசவைகளில் பாடிய பெண்களின் கலையை அன்றைய பெரிய மனிதர்கள் ரசித்தார்கள். ஆனால் தம் வீட்டுப் பெண்களோடு சமமாக அவர்களை அமர்த்தவில்லை. இந்த இரட்டை மனதை எண்ணும்போது எனக்குக் கோபமே வருகிறது.

1902 நவம்பரில் லண்டன் கிராமபோன் கம்பனியின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து, ஹோட்டல் அறையொன்றில் ஒலிப்பதிவு செய்தார். பல உஸ்தாதுகள் தயங்கி நின்றபோது கௌஹர் முன்வந்தார். அப்போது ஒலிவாங்கி கிடையாது. பெரிய புனல் போன்ற குழாய்க்குள் உரத்துப் பாட வேண்டும். அதிர்வை ஊசியொன்று மெழுகில் கீறும். நேரமோ மூன்று நிமிடம் அளவுதான். மணிக்கணக்கில் விரியும் ராகத்தை அதற்குள் சுருக்கி, குலையாமல் முடிப்பது எவ்வளவு கடினம்! பாடி முடித்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார். அது பெருமைக்காக அல்ல. தட்டுகள் ஜேர்மனியின் ஹனோவரில் அச்சாயின. அங்குள்ளவர்கள் பாடியவர் யாரென அறிய அது உதவியது.

இருபது ஆண்டுகள் கழித்தும் முறை மாறவில்லை. 1923இல் அமெரிக்காவில் கிங் ஒலிவரின் புகழ்பெற்ற ஜாஸ் குழுவும் இத்தகைய குழாய் முன்னேதான் வாசித்தது. இளைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் ஊதல் மற்றவர்களை அமுக்கிவிடும் என்று அவரைத் தள்ளி நிற்க வைத்தார்களாம்.

கௌஹர் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் சுமார் 600 பதிவுகள் செய்தார். தமிழும் அவற்றில் ஒன்று! 1910இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் பாடினார். 1911இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் டெல்லி தர்பாரில் ஜானகி பாயுடன் இணைந்து பாடினார்.

புகழ் வந்தது, செல்வமும் வந்தது, கூடவே வழக்குகளும் வந்தன. தாயின் சொத்துக்குத் தானே உரியவர் என்று நீதிமன்றில் நிறுவ வேண்டியிருந்தது. பின்னர் நம்பி மணந்த கணவரோடும் சொத்துக்காக வழக்காட நேர்ந்தது. அரசவைகளே தேடி அழைத்த பெண்ணுக்குத் துணை நிற்க எவரும் இருக்கவில்லை. 1928இல் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரை அரண்மனைப் பாடகியாக்கினார். 1930 ஜனவரி 17இல் அங்கேயே காலமானார்.

அவரது தட்டுகள் கீழே விழுந்தால் உடைபவை. அரக்கால் செய்யப்பட்டவை அல்லவா! சேகரிப்பாளர்கள் காத்த சில, பின்னாளில் இறுவட்டுகளாக வெளிவந்தன. 2010இல் விக்ரம் சம்பத் எழுதிய வாழ்க்கை வரலாற்றுடனும் ஓர் இறுவட்டு இருந்தது. பழைய தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதியப்பட்டவை அல்ல. மீள்பதிவு செய்பவர் வேகத்தைத் தவறாகக் கணித்தால் குரல் கீச்சென்று மாறிவிடும்.

இன்று அவற்றைக் கைத்தொலைபேசியிலேயே கேட்கலாம். தொடக்கத்தில் எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற இரைச்சல்தான் கேட்கும். சற்றுப் பொறுங்கள், அதற்குள்ளிருந்து குரல் எழும்.