ஊசி கற்ற மருத்துவர்
(டாக்டர் பி. கே. பாசு வாழ்க்கைக் குறிப்பு)

கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு வலி என்பது ஏட்டில் படித்து அறிய வேண்டிய பொருள் அன்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்ற நம் மக்கள், அங்கே மண்ணுக்கு அடியில் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் பாறையைத் துளைத்தார்கள். அதிரும் பொறியை உடம்போடு அணைத்துப் பிடித்தார்கள். உலகம் தங்கத்தைக் கண்டது. அவர்கள் வீட்டார் கண்டது நிமிர முடியாத இடுப்பைத்தான். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. வலி மூடப்படவில்லை. நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலில் நின்றுகொண்டே சென்று திரும்பும் பேரப்பிள்ளைகளின் இடுப்பிலும் அது குடியேறிவிட்டது.

அந்த வலிக்கு இன்று இயன்முறை மருத்துவர்கள் சிலர் ஒரு சிகிச்சை செய்கிறார்கள். மருந்து ஏதும் இல்லாத மெல்லிய ஊசியை, இறுகிக் கிடக்கும் தசையில் செருகி எடுக்கிறார்கள். 'உலர் ஊசி' என்பது அதற்குப் பெயர். சாம்பியன் ரீஃபில் உள்ள என் பெரியப்பாவுக்கு அதைச் செய்துகொள்ளச் சொன்னார்கள். மருந்தே இல்லாத ஊசி வலியை எப்படித் தீர்க்கும் என்று அவர் என்னைக் கேட்டார். அதற்கு விடை தேடிய வழியில்தான் இந்தப் பெரியவரின் வாழ்க்கை எனக்குத் தென்பட்டது.

பிஜய் குமார் பாசு 1912இல் வங்கத்தில் பிறந்தவர். மேனாட்டு மருத்துவம் பயின்று கல்கத்தாவில் தொழில் செய்தவர். 1938இல் சப்பானியப் படை சீனாவைச் சூறையாடிக்கொண்டிருந்தது. காயம்பட்டவர்களைக் காக்க மருத்துவர்களை அனுப்புமாறு சீனத் தளபதி சூ தே, நேருவுக்கு எழுதினார். அப்போது காங்கிரசுத் தலைவராக இருந்தவர் சுபாசு சந்திர போசு. நம் நாடே அடிமைப்பட்டுக் கிடந்த காலம்! ஆயினும் மக்களிடம் பணம் திரட்டி, ஐந்து மருத்துவர்களைக் கப்பலேற்றினர். அடல், சோல்கர், கோட்னிசு, முகர்ஜி, பாசு என்பவர் அவ்வைவர். பாசுவுக்கு அப்போது அகவை இருபத்தாறு.

1939 பிப்ரவரியில் அவர்கள் ஏனான் சேர்ந்தனர். அங்கே மலைச்சரிவில் குடைந்த குகைகளே வீடு, குகைகளே மருத்துவமனை. மருந்து குறைவு, கருவி குறைவு, காயம்பட்டோர் தொகையோ மிகுதி. நாளடைவில் மூவர் தாயகம் திரும்பினர். கோட்னிசும் பாசுவும் தங்கிவிட்டனர். 1942 டிசம்பர் 9ஆம் நாள் கோட்னிசு முப்பத்திரண்டாம் அகவையில் சீன மண்ணிலேயே மாண்டார். பாசு 1943இல் தனியராய்த் திரும்பினார். அவர் வந்த ஆண்டு வங்கம் பஞ்சத்தால் பிணக்காடாகிக் கிடந்த ஆண்டு.

இதோடு அவர் கதை முடிந்திருந்தாலும் அது பெரிய வாழ்க்கையே. ஆனால் நான் வியப்பது இதன் பிறகு நடந்ததைத்தான்.

விடுதலை பெற்ற சீனாவில் பழைய மருத்துவத்துக்குப் புதுவாழ்வு கொடுத்தார்கள். 1956இல் அதற்கென்றே கல்லூரிகள் நிறுவினார்கள். அங்கே ஊசி மருத்துவமாகிய அக்குபங்சர் கற்பிக்கப்பட்டது. 1958இல் பாசு மீண்டும் சீனா சென்றார். பட்டமும் பட்டறிவும் பெற்ற மருத்துவர், நாற்பத்தாறாம் அகவையில் மறுபடி மாணவராய் அமர்ந்தார். தாம் படித்த நூல்களில் இல்லாததைக் கண்டால் எள்ளி நகையாடுவது கற்றோர் பலருக்கு இயல்பு. அவர் நகையாடவில்லை, கற்றார். அடுத்த ஆண்டு கல்கத்தா திரும்பி, ஊசியால் சிகிச்சை செய்யத் தொடங்கினார். இந்தியாவில் அக்குபங்சரை ஊன்றியவர் என்று இன்று போற்றப்படுபவர் அவரே.

மூன்றே ஆண்டுகளில் வந்தது 1962ஆம் ஆண்டுப் போர். சீனா என்ற சொல்லே பகைச்சொல் ஆயிற்று. சீனத்தின் நண்பர் என்று ஊரறிந்த ஒருவர், சீனம் தந்த கலையை விடாது வைத்திருப்பது எளிதா? பாசு அதைக் கைவிடவில்லை. போர் அரசுகளுக்கு இடையில், வலியோ மனிதனுக்குள். நோயாளியின் முதுகுக்கு எல்லைக்கோடு தெரியாது. 1970களில் மறைந்த தோழர் கோட்னிசின் பெயரால் அமைந்த நினைவுக் குழுவின் வழியே ஏழைகளுக்குச் சிகிச்சையும் இளைஞர்களுக்குப் பயிற்சியும் பரவின. 1986இல் பாசு மறைந்தார். 1996இல் மேற்கு வங்க அரசு அக்குபங்சருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. நடுவண் அரசு 2003இல் அதை ஒரு சிகிச்சை முறையாகவும், 2019இல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றது. கல்கத்தாவில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி, பயிற்சி நிலையமும் உண்டு.

இனி என் பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். பாசு கற்ற கலையும் இன்றைய உலர் ஊசியும் ஒன்றல்ல. முன்னது, உடலில் உயிராற்றல் ஓடும் தடங்கள் உண்டு என்ற சீனரின் பழங்கொள்கையைச் சார்ந்தது. பின்னது, தசையையும் நரம்பையும் பற்றிய மேனாட்டு உடற்கூற்று அறிவைச் சார்ந்தது. கருவி மட்டும் ஒன்றே. மயிரிழை போன்ற ஊசி. மேனாட்டிலும் இது முழுப்புதுமை அன்று. ஆசுலர் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் 1892இல் வெளியிட்ட நூலிலேயே, இடுப்பு வலிக்கு வலிக்கும் இடத்தில் ஊசியைச் செலுத்தி, 5 முதல் 10 நிமிடம் விட்டு எடுக்குமாறு எழுதியிருந்தார். பின்னர் பிராகா நகரத்துக் காரல் லெவிட், 1979இல் 241 நோயாளிகளிடம் தாம் கண்டதை வெளியிட்டார். வலிக்கும் புள்ளியில் ஊசி சரியாகப் பட்டபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 87 இடங்களில் வலி உடனே அடங்கியதாம். மருந்து ஊசியால் கிடைத்த பயனில் மருந்தின் பங்கு எவ்வளவு, ஊசியின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி அதனால் எழுந்தது.

அது நடப்பது எவ்வாறு? ஓயாது உழைத்த தசையில் சிறுசிறு முடிச்சுகள் இறுகுகின்றன. அவை இடைவிடாமல் நரம்பின் வழியே மூளைக்கு வலிச்செய்தி அனுப்புகின்றன. நாளடைவில் நரம்பு மண்டலமே கூர்த்துப்போய், சிறு தொடுதலையும் பெருவலியாக உணர்கிறது. ஊசி முடிச்சில் பட்டவுடன் தசை ஒருமுறை துள்ளித் தளரும். ஊசியின் தூண்டலால் உடலே வலி தணிக்கும் பொருள்களைச் சுரக்கும். கிளர்ந்த நரம்பு அடங்குவதற்கு இவை காரணம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

ஆனால், நண்பர்களே, மிகைப்படுத்தலும் ஒரு நோயே. லெவிட் தம் நோயாளிகளை ஊசி போடாத வேறொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதன்பின் நடந்த ஆய்வுகள், சில தசை வலிகளுக்குச் சிறிது காலம் பயன் கிடைப்பதைக் காட்டுகின்றன. எல்லா நோயும் தீரும் என்று காட்டவில்லை. உடற்பயிற்சியோடு சேர்ந்தால்தான் பயன் நிலைக்கும். பயிலாத கை விலாப்புறத்தில் ஊசி செலுத்தினால் நுரையீரலே துளைபடலாம். கல்தூசியால் முன்பே நுரையீரல் பழுதுற்ற சுரங்கத் தொழிலாளிக்கு அது எத்தகைய கேடு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இவற்றை யெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். முறையாகப் பயின்றவரிடம் மட்டுமே செல்வதாக உறுதி கூறினார்.

நம்மில் சிலர் நாளை மருத்துவர் ஆவோம். சிலர் பொறியாளர் ஆவோம். எத்துறையில் நின்றாலும் பாசுவிடம் கற்க ஒன்று உண்டு. அறிவு எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வாங்கிக்கொள். வாங்கியதைச் சோதித்துப் பார். சோதித்ததை ஏழையின் வாயிலுக்குக் கொண்டு செல். தங்கவயலில் நிமிர முடியாத முதுகுகள் இன்னும் காத்திருக்கின்றன. நாம் பெறும் கல்வி அவற்றைத் தேடிச் செல்லட்டும்!