‘டெம்போ டிராவலர்’ல இருக்கிற டெம்போ எது? வேனைக் கொண்டுவந்த ஃபிரோதியாவின் கதை

ஆடிப்பெருக்கு அன்னைக்கு பென்னாகரத்தில் நின்று ஒகேனக்கல் போற வண்டிகளைப் பாருங்கள். குடும்பம் குடும்பமா வர்ற வேன்களில் பெரும்பாலானவற்றை நாம ‘டெம்போ டிராவலர்’னுதான் சொல்வோம். ஆனா வண்டியின் முகப்பில் ‘ஃபோர்ஸ்’ என்றுதான் எழுதியிருக்கும். அப்போ அந்த ‘டெம்போ’ எங்கிருந்து வந்தது?

இதற்குப் பதில் புனேயில் இருக்கிறது. பெயர், நவல்மல் குந்தன்மல் ஃபிரோதியா.

1910-ல் மகாராஷ்டிராவின் அகமதுநகரில் பிறந்தவர். அப்பா குந்தன்மல், பம்பாய் சட்டமன்றத்தின் சபாநாயகராக இருந்தவர். மகனும் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். விடுதலை கிடைத்த நேரத்தில் அவர் கண்ணை உறுத்தியது மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்‌ஷா. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் சரக்கு ஏற்ற மூன்று சக்கர வண்டி செய்வது தெரியவந்ததும், அதை வரவழைத்து ஆள் ஏறும்படி மாற்றினார். இந்திய ஆட்டோ ரிக்‌ஷாவின் தொடக்கம் அதுதான். பஜாஜ் குடும்பத்துடன் கூட்டு சேர்ந்ததால் அந்த ஆட்டோ ‘பஜாஜ் ஆட்டோ’ ஆனது. ஃபிரோதியா பெயர் அதில் எங்கேயும் இல்லை.

ஹாம்பர்க்கில் இருந்து வந்த பெயர்

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ‘விடால் அண்ட் ஸோன்’ என்ற நிறுவனம் சின்னச் சின்ன சரக்கு வண்டிகள் செய்துவந்தது. அதன் பிராண்டு பெயர்தான் ‘டெம்போ’. (இன்றைக்கு ஜெர்மனியில் டெம்போ என்று கேட்டால் கையில் டிஷ்யூ பேப்பர் கொடுப்பார்கள். அது வேற கம்பெனி!) அவர்களுடன் ஒப்பந்தம் போட்டு 1958-ல் ‘பஜாஜ் டெம்போ’ உருவானது. முதலில் வந்தது ஹான்சியட் என்ற மூன்று சக்கர வண்டி. முன்னாடி இருக்கிற ஒற்றைச் சக்கரத்தையே எஞ்சின் சுழற்றும். பின்னர் நான்கு சக்கர வைக்கிங் வந்தது.

1960-களின் இறுதியில் இரண்டு குடும்பங்களும் பிரிந்தன. ஸ்கூட்டரும் ஆட்டோவும் பஜாஜ் பக்கம், டெம்போ ஃபிரோதியா பக்கம். ஆட்டோவைக் கொண்டுவந்தவர் கையில் ஆட்டோ இல்லை. அவர் கையில் இருந்த கம்பெனியின் பெயரிலோ ‘பஜாஜ்’ அப்படியே இருந்தது. இந்தக் கதையில் எனக்கு ரொம்ப விசித்திரமாகப் படுவது இந்த இடம்தான்.

அந்த நேரத்தில் வந்ததுதான் மேட்டாடோர் வேன். முன் சக்கர இயக்கம் என்பதால் தரைக்கு அடியில் நீளமான ஷாஃப்ட் கிடையாது. தளம் தாழ்வாக இருக்கும், மூட்டை ஏற்றுவது சுலபம். ஆனா பின்னால் முழு லோடு ஏற்றி மலை ஏறினால், எடை பின்னுக்குச் சாய்ந்து முன் சக்கரத்தின் பிடி குறையும். காட் ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும்.

ஜெர்மனியில் இதற்கிடையே டெம்போ, ஹனோமாக் என்ற நிறுவனத்துக்குள் போனது. 1970 வாக்கில் ஹனோமாக்கின் வேன், டிரக் தொழில் டைம்லர்-பென்ஸ் கைக்கு வந்தது. அதாவது, புனே மேட்டாடோரின் உடன்பிறப்பு அங்கே மெர்சிடிஸ் முத்திரையோடு விற்கப்பட்டது! 1977-ல் அதை நிறுத்திவிட்டு டி1 என்ற புது வேனை மெர்சிடிஸ் இறக்கியது. நம்ம ஊரில் மேட்டாடோர் அதன் பிறகும் ரொம்ப காலம் ஓடியது. லைசென்ஸ் ராஜ் காலம், போட்டி குறைவு, புது மாடலுக்கு அனுமதி வாங்குவதே பெரும்பாடு. பழைய டிசைனையே வைத்துக்கொண்டதில் சோம்பலும் உண்டு என்று சொன்னால் தப்பில்லை.

1980-களில் டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மஸ்தா என ஜப்பான் கூட்டணி வண்டிகள் வரிசையாக இறங்கின. பஜாஜ் டெம்போவும் அசைய வேண்டியிருந்தது. மத்தியப் பிரதேசத்தின் பீத்தம்பூரில் புது ஆலை அமைத்து, டி1 வேனின் இந்திய வடிவத்தை 1987-ல் கொண்டுவந்தார்கள். அதுதான் டெம்போ டிராவலர். மெர்சிடிஸ் வழி டீசல் எஞ்சின், பின் சக்கர இயக்கம். மலை ஏற்றத்தில் மேட்டாடோருக்கு இருந்த சிக்கல் இதற்கு இல்லை. ஒகேனக்கல் இறக்கத்தில் இறங்கித் திரும்ப ஏறுகிற வேனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அங்கே டி1 பெரும்பாலும் தபால், சரக்கு, தொழிலாளர் வண்டி. இங்கே கூரையை உயர்த்தி, நீளத்தைக் கூட்டி, பள்ளி வேன், சுற்றுலா வேன், ஆம்புலன்ஸ் என்று ஆக்கினார்கள். கரடுமுரடான கிராமத்துச் சாலைகளுக்கு டிராக்ஸ் தனியாக வந்தது.

ஜெர்மனியில் டி1 உற்பத்தி 1995-ல் நின்று, ஸ்பிரிண்டர் வந்தது. இங்கே டிராவலர் நிற்கவில்லை. ஃபிரோதியா 1997-ல் காலமானார். 2005-ல் கம்பெனி ‘ஃபோர்ஸ் மோட்டார்ஸ்’ ஆனபோது பஜாஜ், டெம்போ இரண்டு பெயர்களும் போயின. அதே ஆண்டு வந்த டாடா ஏஸுக்கு நம்மாட்கள் ‘குட்டி யானை’னு பெயர் வைத்துவிட்டார்கள். டெம்போவுக்கு மட்டும் இன்னும் மாற்றுப் பெயர் வைக்கவில்லை.

அந்த ஃபோர்ஸ் மோட்டார்ஸ்தான் 2015-ல் சென்னை அருகே ஒரு ஆலை திறந்தது. அங்கே அசெம்பிள் ஆவது வேன் இல்லை, பி.எம்.டபிள்யூ கார்களுக்கான எஞ்சின்கள்.