பனிக்கட்டி செய்தவர் மூட்டிய நெருப்பு

கம்பம் பள்ளத்தாக்கின் எல்லையில், லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையை நம்மில் பலர் அறிவோம். போடியிலிருந்து வளைந்து வளைந்து மூணாற்றை நோக்கிச் செல்லும் சாலையையும் அறிவோம். வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில், வாளையாற்றின் வழியே இரவும் பகலும் லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. அரிசி, காய்கறி, தேயிலை, சிமெண்டு என்று இரு நாட்டு மக்களின் வாழ்வையும் சுமந்து செல்லும் அந்த வண்டிகள் யாவும் ஒரு மனிதரின் பெயரைக் குடித்து ஓடுகின்றன. எண்ணெய்க் கடையில் டீசல் என்று கேட்கிறோமே, அது ஒரு பொருளின் பெயராக மட்டும் இருந்ததன்று. தாயும் தந்தையும் உடையவராய், கனவு கண்டு, வென்று, தோற்று, கடலில் மறைந்த ஒருவரின் குடும்பப் பெயர் அது.

ருடால்ப் டீசல் 1858 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18 ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். பெற்றோர் பவேரிய நாட்டவர். தந்தை தோற்பொருள்கள் செய்து விற்பவர். சிறுவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, 1870 இல், பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. செருமானியர் என்ற ஒரே காரணத்தால் அக்குடும்பம் பாரிசை விட்டு வெளியேறி இலண்டனில் தஞ்சம் புகுந்தது. வறுமையோ கொடிது. பையனாவது படிக்கட்டும் என்று அவனை ஆக்சுபர்க் நகரில் கணக்காசிரியராயிருந்த ஓர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினர். பதினான்கு வயதிலேயே தாம் ஒரு பொறியாளராக வேண்டும் என்று அவர் உறுதி கொண்டுவிட்டார். வகுப்பில் முதல்வராய்த் தேறி, உதவித்தொகை பெற்று, மூனிக் தொழிற்கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கேதான் அவருக்கு ஆசிரியர் கார்ல் வான் லிண்டே வாய்த்தார். அம்மோனியா வாயுவை அழுத்திக் குளிர்வித்துப் பனிக்கட்டி உண்டாக்கும் இயந்திரத்தை உலகுக்குத் தந்தவர் லிண்டே. வெப்ப இயலைப் பற்றி அவர் ஆற்றிய விரிவுரைகள் மாணவர் டீசலின் உள்ளத்தில் ஒரு முள்ளைத் தைத்துவிட்டன. அந்நாளைய நீராவி இயந்திரங்களில் பெரும்பாலானவை, நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றவில்லை. மீதி யாவும் புகைபோக்கியிலும் குளிர்நீரிலும் வீணாயிற்று. வெப்பத்திலிருந்து எவ்வளவு வேலை பெறக்கூடும் என்பதற்குப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் கார்னோ 1824 ஆம் ஆண்டிலேயே ஓர் எல்லை வகுத்திருந்தார். அந்த எல்லையை நெருங்கும் இயந்திரம் ஒன்றைச் செய்ய முடியாதா என்பதே டீசலைக் குடைந்த கேள்வி.

1879 இல் இறுதித் தேர்வு நெருங்கும் வேளையில் அவரை டைபாய்டு காய்ச்சல் வீழ்த்தியது. எழுந்தபின், அடுத்த தேர்வு வரும்வரை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் சுல்சர் தொழிற்சாலையில் கைவேலை பழகினார். அதே ஆண்டில், அதே ஊரில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. அக்குழந்தையின் பெயர் ஆல்பிரெட் பூக்கி. அவரை இக்கட்டுரையின் பின்பகுதியில் மீண்டும் சந்திப்போம்.

1880 இல் சிறப்பாகத் தேறிய டீசல், ஆசிரியரின் பனிக்கட்டித் தொழிலிலேயே பாரிசில் வேலைக்கு அமர்ந்தார். ஓராண்டுக்குள் நிலையத்தின் தலைவரும் ஆனார். தெளிந்த பனிக்கட்டியைப் புட்டியிலேயே உறையச் செய்யும் முறைக்கு 1881 இல் உரிமம் பெற்றார். ஆம், நெருப்பு இயந்திரத்தின் தந்தை தம் வாழ்வைத் தொடங்கியது பனிக்கட்டியில்தான்! வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் விடும் கலையைப் பத்தாண்டுகளுக்கு மேலாக அவர் கையாலேயே பழகினார். காற்றையோ வாயுவையோ அழுத்தினால் அது சூடேறும்; சூட்டை வாங்கினால் சுருங்கும். இந்த இரண்டு உண்மைகளும் அவருக்கு ஏட்டுப் படிப்பாக இல்லாமல் நாள்தோறும் தொட்டறிந்த செய்திகளாக இருந்தன.

1883 இல் மார்த்தா என்னும் நங்கையை மணந்தார். பிள்ளைகள் மூவர். 1890 இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். அம்மோனியா ஆவியால் ஓடும் இயந்திரம் ஒன்றுக்காகப் பல்லாண்டுகள் உழைத்தும் பயன் கிட்டவில்லை. அந்தத் தோல்வியின் ஊடேதான் புதிய எண்ணம் பிறந்தது. காற்றை மட்டும் உருளைக்குள் கடுமையாக அழுத்தினால் அது தானே கொதிக்கும் சூடு அடையும். அப்போது எண்ணெயைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டால் தீக்குச்சியோ மின்பொறியோ இன்றி அது பற்றிக்கொள்ளும். 1892 இல் விண்ணப்பித்து, 1893 இல் இதற்குச் செருமானிய உரிமம் பெற்றார். அவ்வாண்டே ஒரு நூலும் வெளியிட்டார்.

அந்த நூலில் ஒரு புதுமை உண்டு. அழுத்தத்தின் முதற்பகுதியில் உருளைக்குள் நீரைத் தெளித்துக் காற்றைக் குளிர்விக்க வேண்டும்; பிறகே அது சூடேற அழுத்த வேண்டும்; அழுத்தம் 250 வளிமண்டலம் வரை உயர வேண்டும் என்று அவர் கணக்கிட்டிருந்தார். கார்னோவின் இலட்சியத்தை இரும்பில் வடிக்கும் முயற்சி அது. ஆனால் இரும்பு இலட்சியத்துக்கு இடங்கொடுக்கவில்லை. அவ்வளவு அழுத்தத்தில் ஓடும் இயந்திரம், தன் உராய்வை வெல்வதற்கே தன் உழைப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டுவிடும். இதை உணர்ந்த டீசல் திட்டத்தை மாற்றினார். அழுத்தத்தைக் குறைத்தார், நீர்த்தெளிப்பைக் கைவிட்டார், எரிதலின் முறையையும் மாற்றினார். மாற்றியது அறிவுடைமை. எனினும் மாற்றினேன் என்று உலகறியச் சொல்லத் தயங்கினார். அந்தத் தயக்கம் பின்னாளில் அவரைத் துரத்தி வந்தது.

ஆக்சுபர்க் இயந்திரத் தொழிற்சாலை அவருக்கு இடமும் ஆட்களும் தந்தது. குருப் நிறுவனமும் பணம் தந்தது. 1893 ஆகஸ்டு 10 ஆம் நாள் முதற்சோதனை. எண்ணெய் பற்றியது; அழுத்தம் 80 வளிமண்டலத்தைத் தொட்டது; அளவுகருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றவர் உயிர் பிழைத்ததே பெரிது. ஆயினும் கொள்கை மெய்யென்று அந்த வெடிப்பே சான்று கூறிற்று. 1894 பிப்ரவரி 17 இல் இயந்திரம் ஏறத்தாழ ஒரு நிமிடம் தன் வலிமையாலேயே சுழன்றது. அதைக் கண்ட மெக்கானிக் ஒருவர் ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்ததைப் பின்னாளில் டீசல் நினைவு கூர்ந்தார். இன்னும் மூன்றாண்டு உழைப்பு. 1897 பிப்ரவரி 17 இல் பேராசிரியர் சுரோட்டர் முறைப்படி அளந்து பார்த்தார். எண்ணெயின் வெப்பத்தில் 26.2 விழுக்காடு பயனுள்ள வேலையாக மாறியது. அந்நாளில் வேறெந்த வெப்ப இயந்திரமும் எட்டாத அளவு அது.

புகழ் பெருகிற்று, பணம் குவிந்தது. அமெரிக்காவிலிருந்தும் உருசியாவிலிருந்தும் தொழிலதிபர்கள் உரிமம் வாங்க வந்தனர். 1900 இல் பாரிசுக் கண்காட்சியில் பெரும்பரிசு கிடைத்தது. அக்கண்காட்சியில் சிறிய டீசல் இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிற்று என்பது, கடலை விளையும் நாட்டவராகிய நமக்கு இனிக்கும் செய்தி. பெருந்தொழிற்சாலைகளின் முன் நசுங்கிக்கொண்டிருந்த சிறு தொழிலாளிக்கும் கைவினைஞனுக்கும் மலிவான வலிமையைத் தருவதே அவர் கொண்ட நோக்கம். தொழிலாளர் கூடி உரிமை கொள்ளும் சமுதாயத்தைப் பற்றி 1903 இல் ஒரு நூலும் எழுதினார். வாங்கிப் படித்தவர் மிகச் சிலரே. ஆனால் கோவை, பொள்ளாச்சி, சித்தூர்ப் பகுதிகளில் டீசல் பம்பு வைத்துக் கிணற்று நீர் இறைத்த உழவர்களை நினைத்துப் பார்த்தால், அக்கனவு எங்கோ ஓரளவு பலித்தது என்றே தோன்றுகிறது.

மறுபக்கம் இருண்டது. ஓய்வில்லா உழைப்பால் உடல் முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். எண்ணெய் வயலிலும் நிலத்திலும் போட்ட பணம் மூழ்கியது. இங்கிலாந்தின் அக்ராய்டு சுடுவர்ட் 1890 இலேயே இதையொத்த இயந்திரத்துக்கு உரிமம் பெற்றவர் என்று சிலர் வாதிட்டனர். உரிமத்தில் எழுதியது வேறு, ஓடுகிற இயந்திரம் வேறு என்று தாய்நாட்டிலேயே எதிரிகள் நூல் எழுதினர். 1912 இல் செலாந்தியா என்னும் கப்பல் டீசல் இயந்திரத்தோடு பெருங்கடலில் ஓடத் தொடங்கியது. உலகம் அவர் கண்டதை ஏற்ற அதே வேளையில் அவர் கையில் காசில்லை.

1913 செப்டம்பர் 29 ஆம் நாள் இரவு, ஆண்டுவெர்ப்பிலிருந்து இங்கிலாந்து செல்லும் திரெஸ்டன் என்னும் கப்பலில் உணவருந்திவிட்டுத் தம் அறைக்குச் சென்றார். காலையில் அவரைக் காணவில்லை. பத்து நாள் கழித்து டச்சுப் படகு ஒன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. அதன் பையிலிருந்த பொருள்களை மகன் தந்தையுடையவை என்று அடையாளம் காட்டினார். வயது 55. தாமே முடிவு தேடிக்கொண்டாரோ, தவறி வீழ்ந்தாரோ, அந்தக் கடலுக்கே வெளிச்சம்.

அவர் மறைந்தபோது லாரியில் டீசல் இயந்திரம் இல்லை. முதல் இயந்திரம் ஏறத்தாழ நாலரை டன் எடை. தந்த வலிமையோ 20 குதிரைத்திறன். எண்ணெயை உள்ளே ஊதுவதற்கே பெரிய காற்றமுக்கி ஒன்று வேண்டியிருந்தது. எண்ணெயை நேரே பீய்ச்சும் நுண்கருவிகள் வந்த பின்பே, 1924 வாக்கில், அதே ஆக்சுபர்க் தொழிற்சாலையின் வழிவந்த நிறுவனம் டீசல் லாரியைச் சாலையில் விட்டது.

இப்போது விண்டர்தூரில் பிறந்த பூக்கியிடம் வருவோம். உருளைக்குள் முன்கூட்டியே அழுத்திய காற்றைச் செலுத்தினால் அதிக எண்ணெயை எரிக்கலாம், அதிக வலிமை பெறலாம் என்பதை டீசலே 1896 இல் அறிந்து சோதித்தார். வலிமை கூடியது, ஆனால் எண்ணெய்ச் செலவும் கூடியது, விட்டுவிட்டார். அவர் இயந்திரத்தின் உழைப்பைக் கொண்டே காற்றை அழுத்தினார். பூக்கியோ 1905 இல் வேறு வழி கண்டு உரிமம் பெற்றார். வெளியே வீணாகப் போகும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியால் காற்றை அழுத்தும் வழி அது. இன்று நம் லாரிக்காரர்கள் டர்போ என்று சொல்வது இதனையே. மூணாறு போன்று 1,500 மீட்டர் உயரத்தில் காற்று சமவெளியைவிட ஏழில் ஒரு பங்கு மெலிந்தது. அந்தக் குறையை ஈடு செய்வதும் இந்தச் சக்கரமே.

ஆனால் அழுத்திய காற்று சூடேறும். சூடான காற்று விரிந்து மெலியும். பெற்றதில் ஒரு பகுதி கைநழுவும். ஆகவே டர்போவுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இண்டர்கூலர் என்னும் குளிர்கலத்தை வைக்கிறார்கள். 120 பாகையிலுள்ள காற்றை 40 பாகைக்குக் கொண்டுவந்தால், அதே அழுத்தத்தில், அதே இடத்தில் கால் பங்கு காற்று கூடுதலாக அடங்கும். கால் மைல் நேர்ச்சாலையில் சில நொடிகள் மட்டும் பாயும் பந்தய லாரிகளில், ஒரு தொட்டி நிறையப் பனிக்கட்டியும் நீரும் வைத்து, அந்நீரைப் பம்பினால் குளிர்கலத்தில் ஓடவிடுகிறார்கள். நெருப்பு இயந்திரத்துக்குப் பனிக்கட்டி மீண்டும் துணைக்கு வந்துவிட்டது!

நம் மலை லாரிகளுக்கும் அதைச் செய்யலாகாதா என்று கேட்கத் தோன்றும். சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 300 கிராம் காற்றை உறிஞ்சும் இயந்திரம் என்று கொள்வோம். அதை 80 பாகை குளிர்விக்க நொடிக்கு 24 கிலோ ஜூல் வெப்பத்தை வாங்க வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோ ஜூல் வாங்கும். பத்து நொடிப் பந்தயத்துக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான பனிக்கட்டி போதும். ஒரு மணி நேரம் மலையேறவோ 250 கிலோவுக்கு மேல் வேண்டும். சரக்கை இறக்கிவிட்டுப் பனிக்கட்டியை ஏற்ற வேண்டியதுதான்! எனவே சாலை லாரிகள், எதிரே வீசும் காற்றையே நம்பி, அதைக் குளிர்கலத்தின் மீது பாயவிடுகின்றன. பாலக்காட்டுக் கணவாயின் காற்று இலவசம், உருகியும் போகாது.

டீசல் 1893 இல் உருளைக்குள்ளேயே நீர் தெளித்துக் காற்றைக் குளிர்விக்க எண்ணினார், முடியவில்லை. பின்வந்தோர் உருளைக்கு வெளியே, வேறொரு நோக்கத்தோடு, அதைச் செய்து முடித்தனர். ஒரு மனிதரின் எண்ணம் அவர் எழுதிய வடிவிலேயே நிறைவேறுவதில்லை. அது இரும்போடு மோதி உருமாறுகிறது. பலர் கைகளில் வளர்கிறது. பட்டறையில் கருத்தை மாற்றிக்கொண்ட டீசல் பெரியவர். மாற்றியதை மறைக்க முயன்ற டீசல் நம்மைப் போன்ற எளிய மனிதர். ஆய்வுக்கூடத்தில் நாம் எடுத்த அளவு, நாம் விரும்பிய விடையோடு ஒத்துவராத நாளில், இந்த இருவரில் எவரைப் பின்பற்றுவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும்.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் தோழர்கள், குமுளி வளைவில் முக்கி முனகி ஏறும் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது, ஆக்சுபர்க் பட்டறையில் ஒரே ஒரு நிமிடம் சுழன்ற அந்த முதல் இயந்திரத்தை ஒருகணம் நினைத்துக்கொள்வார்களாக.