டி.ஆர். சீனிவாசகம்: ஈப்போ பூங்காவின் பெயரில் வாழும் வழக்கறிஞர்

ஈப்போ நகரில் உள்ள டி.ஆர். சீனிவாசகம் பூங்காவைத் தெரியாத பேராக் தமிழர் இருக்க மாட்டார். குளமும் ஜப்பானியத் தோட்டமும் மர நிழலும் உள்ள இடம் என்பதால் திருமணப் படம் எடுப்பவர்களுக்கும் பிடித்த இடம். முன்பு 'கோரனேஷன் பார்க்' என்று பிரிட்டிஷ் முடிசூட்டு விழாவின் பெயரைத் தாங்கியிருந்த இந்தப் பூங்கா, பிறகு ஒரு தமிழ் வழக்கறிஞரின் பெயருக்கு மாறியது. அங்கே கேமராவைத் தூக்கும் இளைஞர்களில் பலருக்கு அவர் யார் என்பது தெரியாது. பொது இடத்தில் படம் எடுக்க அனுமதி வேண்டுமா, யாரிடம் கேட்பது என்ற கேள்வி அடிக்கடி எழும் இந்நாளில், அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

தர்மராஜா சீனிவாசகம் 1921ஆம் ஆண்டு பிறந்தவர். யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளிக் குடும்பம். அவரும் சகோதரர் எஸ்.பி. சீனிவாசகமும் ஈப்போவில் வழக்கறிஞர்களாகத் தொழில் செய்தனர்.

அது அவசரகாலம். 1948இல் அறிவிக்கப்பட்ட அந்தச் சட்டநிலை 1960 வரை நீடித்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற விதி 1948இல்தான் வந்தது. தோட்டத்துப் பாட்டாளிகள் பலர் கேமராவின் முன் முதன்முதலாக நின்றது அந்த அட்டைக்காகத்தான். படம் அரசாங்கத்துக்காக எடுக்கப்பட்டது. அட்டையைக் காட்டாமல் நடமாடுவது ஆபத்து. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் அன்றாட வாழ்க்கையாக இருந்தன.

அந்தக் காலத்தில், 1952இல், லீ மெங் என்ற இளம்பெண் மீது கையெறி குண்டு வைத்திருந்ததாக ஈப்போவில் வழக்கு நடந்தது. முதல் விசாரணையில் துணை மதிப்பீட்டாளர்கள் அவர் குற்றவாளி அல்ல என்றனர். நீதிபதி அதை ஏற்கவில்லை. மறுவிசாரணை நடந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு 1953இல் பேராக் சுல்தான் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். உலக நாடுகள் கவனித்த இந்த வழக்கின் தற்காப்பால் சீனிவாசகம் சகோதரர்களின் பெயர் நாடறிந்ததாயிற்று. அரசாங்கத்துக்கு எதிராக நிற்க யாரும் தயங்கிய நாளில் அவர்கள் நின்றார்கள் என்பதை மக்கள் மறக்கவில்லை.

1953இல் பேராக் முற்போக்குக் கட்சி தொடங்கப்பட்டது. பின்னாளில் அது மக்கள் முற்போக்குக் கட்சி ஆனது. 1957 இடைத்தேர்தலில் வென்று டி.ஆர். சட்டமன்றம் புகுந்தார். 1959இலும் 1964இலும் ஈப்போ தொகுதி மக்கள் அவரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். தமிழுக்கும் சீனத்துக்கும் உரிய இடம் வேண்டும் என்று தொடர்ந்து வாதாடினார்.

அவருடைய துணிவுக்குப் பெரிய சான்று, அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது அவர் சுமத்திய ஊழல் குற்றச்சாட்டு. நாடாளுமன்றத்துக்குள் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தக் கதவைத் தாண்டினால் அது கிடையாது. வெளியே வந்து சொல்ல முடியுமா என்ற சவால் எழுந்தபோது, டி.ஆர். வெளியே வந்து அதையே சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார். குற்றச்சாட்டு உண்மை என்பதையே டி.ஆர். தம் தற்காப்பாக வைத்தார். 1964இல் உயர் நீதிமன்றம் அமைச்சரின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடும் தோற்றது. அமைச்சர் பதவி விலகினார்.

தமது உரிமையின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். கையில் ஆதாரம் இருந்ததால்தான் அந்த எல்லையைத் தாண்டினார்.

அவர் வாழ்க்கையில் இன்று அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. அவருடைய கட்சி ஈப்போ நகர மன்றத்தையும் தேர்தலில் வென்று நடத்தியது. அப்போது சாலை, சந்தை, திடல், பூங்கா ஆகியவற்றுக்கு விதி போட்டவர்கள் அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். விதி பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்க்கலாம். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன உறுப்பினர் முறையை நிலைநிறுத்தியது.

இன்றைய நிழற்படக் கலைஞர்களின் சிக்கல் இங்கேதான் வந்து முட்டுகிறது. பொது இடத்தில் நின்று படம் எடுக்க எல்லாரும் அனுமதி பெற வேண்டும் என்ற பொதுச் சட்டம் மலேசியாவில் இல்லை. ஆனால் 1959ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள், இடங்கள் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட இடங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. பூங்காக்களுக்கு ஊராட்சி மன்றங்களின் துணைச் சட்டங்கள் உண்டு. பணத்துக்காகச் செய்யும் படப்பிடிப்புக்கு மன்றங்கள் அனுமதி கேட்பது வழக்கம். காணொளி என்றால் 1981ஆம் ஆண்டின் ஃபினாஸ் சட்டமும் குறுக்கே வரும். சமூக ஊடகத்தில் காணொளி போடுபவருக்கும் அந்த உரிமம் வேண்டும் என்ற பேச்சு 2020இல் நாடாளுமன்றத்தில் எழுந்து, எதிர்ப்புக்குப் பிறகு அரசாங்கம் பின்வாங்கியது நினைவிருக்கலாம்.

தோட்டப்புறத்தில் நிலைமை இன்னும் வேறு. தோட்டம் தனியார் நிலம். நம் பாட்டன் போட்ட சாலையாக இருந்தாலும், நம்மவர்கள் கட்டிய கோயிலாக இருந்தாலும், நிலம் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் உள்ளே நுழைய நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறி வருகின்றன. லயன் வீடுகளும் பழைய பள்ளிக் கட்டடங்களும் இடிபடுவதற்குமுன் ஒரு படமாவது எடுத்து வைக்க நினைப்பவர்களுக்குக் காலம் குறைவு. நிர்வாகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பூங்காவில் யாராவது தடுத்தாலும் சண்டைக்குப் போக வேண்டாம். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள். தெளிவு இல்லை என்றால் மாநகர் மன்றத்துக்கு எழுதுங்கள்.

டி.ஆர். சீனிவாசகம் 1969 மார்ச்சில் காலமானார். அதற்கு இரண்டு மாதங்களுக்குள் நடந்த பொதுத் தேர்தலில் சகோதரர் எஸ்.பி. கட்சியை வழிநடத்தினார். எஸ்.பி.யும் 1975இல் மறைந்தார். மக்கள் முற்போக்குக் கட்சி தேசிய முன்னணியில் இணைந்து, பழைய வலிமையை இழந்தது. ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. பொது இடத்துக்கு விதி போடுபவர்களை நாமே தேர்ந்தெடுத்த காலம் ஒன்று ஈப்போவில் இருந்தது என்பதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லி வைப்பது நம் பொறுப்பு.