நம்பர் கொடுத்த மனுஷன்

நெட்வொர்க் லேப்ல மேனேஜ்டு ஸ்விட்ச்சுக்கு ஐபி அட்ரஸ் கொடுத்திருப்பீங்க. கன்சோல் கேபிளைச் செருகி, வீலான் 1-க்குள்ள போய், 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0 அடிச்சு, நோ ஷட்டவுன் கொடுத்து, பிங் வந்ததும் ரெக்கார்டு நோட்டுல எழுதியிருப்பீங்க.

போன செமஸ்டர்ல எங்களுக்கு பிங் ஒரு தடவை வந்தது, அடுத்த தடவை வரலை. முக்கால் மணி நேரம் கேபிளை மாத்தி மாத்திப் பார்த்தோம். கடைசியில் டெல்நெட் போட்டா உள்ளே வேற ஸ்விட்ச்சோட பேரு! பக்கத்து பெஞ்ச்காரங்களும் அதே 10-ஐக் கொடுத்திருக்காங்க. ஒரே நம்பர் ரெண்டு பேருக்குப் போனா என்ன ஆகும்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

இன்டர்நெட் முழுக்க அப்படி ஆகாமல் பார்த்துக்கொண்ட ஒருத்தரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் ஜான் போஸ்டல்.

1943-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தார். யுசிஎல்ஏ-வில் படித்தார். 1969-ல் அர்பாநெட்டின் முதல் நோடு அங்கேதான் வந்தது. அப்போது அவரும் நம்மைப் போல ஒரு ஸ்டூடண்ட்தான். நீளமான தாடி, காலில் செருப்பு.

நெட்வொர்க் வளர வளர, எந்த நம்பர் எதற்கு என்று யாராவது குறித்து வைக்கணுமே? 1972-ல் ஒரு ஆர்எஃப்சி-யில், சாக்கெட் நம்பர்களைக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அது நானாக இருக்கலாமா என்று கேட்கிற மாதிரி எழுதினார். யாரும் செய்ய ஆசைப்படாத கிளார்க் வேலை. அதை அவர் சாகும்வரை விடவில்லை. ஆர்எஃப்சி-களைத் திருத்தி வெளியிடும் பொறுப்பையும் ஏறக்குறைய முப்பது வருஷம் சுமந்தார்.

1981 செப்டம்பரில் அவர் எடிட் செய்த ஆர்எஃப்சி 791 ஐபி-யை வரையறுத்தது, 793 டிசிபி-யை. நடுவில் 792, அவரே எழுதிய ஐசிஎம்பி. நீங்க போடுற பிங் போய்ட்டு வர்றது அதுலதான்.

பிறகு அந்த வேலைக்கு ஐஏஎன்ஏ என்று பெயர் வந்தது. பெயர் பெரிசு, ஆனா நடைமுறையில் போஸ்டலும், ஜாய்ஸ் ரெனால்ட்ஸும், இன்னும் சிலரும்தான். டெல்நெட்டுக்கு 23, 1995-ல் எஸ்எஸ்ஹெச்-க்கு 22 எல்லாம் அந்தப் பட்டியலில் ஏறியவை. லேப்ல நாம கேட்காமலே எடுத்துக்கிற 192.168-ஐத் தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கி வைத்ததும் ஐஏஎன்ஏ-தான்.

ஆனா ஒரே ஆள் கையில் இவ்வளவு இருப்பது சரியா? தொண்ணூறுகளில் டொமைன் பெயர்கள் காசாக மாறியதும் இந்தச் சண்டை பெரிசாச்சு. 1998 ஜனவரி 28 அன்று, ரூட் சர்வர்களை நடத்திய எட்டு பேருக்கு போஸ்டல் மெயில் அனுப்பினார்: இனி தகவலை என் மெஷினிலிருந்து எடுங்கள் என்று. அவர்களும் மாற்றிவிட்டார்கள்! எந்தச் சட்டமும் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கலை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை மட்டும்தான். அமெரிக்க அரசு தலையிட்டது. அது ஒரு டெஸ்ட் என்று சொல்லி, சில நாளில் பழையபடி மாற்றிக் கொடுத்தார்.

தான் ஒருத்தராகப் பார்த்த வேலை ஒரு அமைப்பிடம் போகவேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அதற்காக உழைத்தார். செப்டம்பர் 30-ல் ஐகேன் பதிவானது. அக்டோபர் 16-ல் இதய ஆபரேஷனுக்குப் பிறகான சிக்கலில் இறந்தார். வயது 55. அதே பள்ளியில் படித்த விண்ட் செர்ஃப் அவருக்கு எழுதிய அஞ்சலி ஆர்எஃப்சி 2468-ஆக வெளிவந்தது.

அந்த ஜனவரியில் அவர் செய்தது சரியா தப்பான்னு எங்க ஹாஸ்டல்ல இன்னும் வாக்குவாதம் நடக்குது. எனக்கு அது தப்புன்னுதான் படுது. ஆனா அவ்வளவு பேர் நம்புற அளவுக்கு இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஒரு பட்டியலைச் சுத்தமா வெச்சிருந்தாரே, அது சாதாரணம் இல்லைங்க.

இப்ப எங்க லேப் ரேக் கதவுல ஒரு ஷீட் ஒட்டியிருக்கோம். 10 யாருக்கு, 11 யாருக்குன்னு. நீங்க லேபுக்கு வந்தா, ஐபி கொடுக்கறதுக்கு முன்னாடி அதுல பேரை எழுதிடுங்க. 12 காலியாத்தான் இருக்கு.